பால்பாண்டி, தகப்பனார் சுடலைமுத்து

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. பாபநாசம்தானே? ஆடி அமாவாசையன்று தோளில் துண்டோடு இந்த பஸ்ஸில் ஏறுகிறவன் வேறு எங்கே போவான். அந்தப் பொட்டலம் எள்ளா? என்னிடமும் இருக்கிறது. தங்கச்சி கட்டிக் கொடுத்தது.

நான் தண்ணீர் விடப் போகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. உறவும் கிடையாது. பெயர் மட்டும் தெரியும். அப்படிப் பார்க்காதீர்கள். இந்தக் கூட்டத்துக்கு பஸ் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லிவிடுவேன். உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தங்கச்சி பெயர் உலகம்மாள். அவளைக் கட்டினவன் பெயர் பால்பாண்டி. அவன் தகப்பனார் சுடலைமுத்து. நம் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு பால்பாண்டி மேல்தான் விழ வேண்டும். அவன் அப்பன் சுடலைமுத்துவாக இருந்தால் அதிலும் அதிசயம் கிடையாது. நான் அச்சாபீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இந்த இரண்டிலும்தான் எங்கள் பிழைப்பு. உலகம்மாள் கல்யாணப் பத்திரிகையும் நான் அடித்ததுதான். அந்தப் பயல் பெயரை முதன்முதலில் அச்சில் ஏற்றியவன் நான்.

கல்யாணம் ஆகி நாலு வருஷம் இருந்தான். பிள்ளை இல்லை. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று ஒரு திங்கட்கிழமை போனான். அதோடு சரி. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சாப்பிட்டுவிட்டு, அவள் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றையும் வாங்கிக்கொண்டு போனான். பத்தொன்பது வருஷம் தம்பி. அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று காதில் விழுந்தது. உலகம்மாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தினமும் தலை சீவி, பூ வைத்து, பொட்டு வைத்து, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வந்தாள். கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். கை நடுங்காமல் எடுப்பாள்.

நான் ஒரு தடவை அவனைப் பார்த்தேன். இதை அவளிடம் சொல்லாமலே வைத்திருந்தேன். பேப்பர் வாங்கத் திருப்பூர் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்து நிற்கிறான். தொப்பை போட்டிருந்தது. ஒளிவான், ஓடுவான் என்று நினைத்தேன். "மச்சான், நல்லா இருக்கியளா? டீ குடிப்போம், வாங்க" என்கிறான். நேற்றுத்தான் பார்த்தது மாதிரி. தெருப் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் சொல்லி, "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க மச்சான்" என்றான். செவிட்டில் ஒன்று விட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த டீயைக் குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டான். போதும் என்றேன்.

பன்னிரண்டு வருஷமாக அந்த டீ என் தொண்டையில்தான் நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ரேஷன் கடையில், கார்டில் பெயர் உள்ள எல்லோரும் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். உலகம்மாள் கார்டில் குடும்பத் தலைவர் அவன்தான். படமும் அவனுடையதுதான். அவளோடு நானும் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். "ஒண்ணு ஆளு வரணும்க்கா. இல்லேன்னா இறப்புச் சான்று வரணும். ரெண்டும் இல்லேன்னா நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

உலகம்மாள் கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்ணே. நான் கடையில அரிசி வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

அவளுக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. இறப்புச் சான்று. அந்த வார்த்தையை நான் வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தேன். என்னால் அவனைக் கொல்ல முடியாது. ஒரு டீயை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் நான். ஆனால் செத்தவர்கள் புத்தகத்தில் அவன் பெயரில் ஒருத்தன் இருந்தே தீருவான் இல்லையா?

எங்கள் ஊர் எதுவென்று கேட்காதீர்கள். நகராட்சி ஆபீஸில் ஒரு அம்மாவுக்கு வில்லங்கம் வரும். பிறப்பு இறப்புப் பிரிவில் இருக்கிறார். மச்சான் செத்த தேதி தெரியாது, தேடிப் பார்க்க வேண்டும் என்று மனுக் கொடுத்தேன். "தேதி இருந்தா அஞ்சு நிமிசம் அண்ணாச்சி. பேரை மட்டும் வச்சுக்கிட்டுத் தேடுதது கடலுக்குள்ள மோதிரம் தேடுத மாதிரி" என்றார். பரவாயில்லை, தேடுகிறேன் என்றேன். தேட வேண்டிய ஒவ்வொரு வருஷத்துக்கும் தனி மனு. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு பெரிய புத்தகத்தை எடுத்துப் போடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அச்சாபீசைப் பூட்டிவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஏழு மாதம்.

எனக்குப் பழக்கமான வேலைதான். முப்பது வருஷமாகச் செத்தவர்கள் பெயரைப் பிழைதிருத்திக்கொண்டிருக்கிறவன். விரலை வைத்துக் கோடு கோடாக இறங்குவேன். முதல் பால்பாண்டி மூன்றாம் நாளே கிடைத்தான். வயது ஆறு மாதம், காய்ச்சல். அப்பன் பெயர் வேறு. குழந்தை என்று பார்க்கக்கூடாதா என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெயரை அந்தப் புத்தகத்தில் பார்த்ததும் வாயில் கற்கண்டு போட்ட மாதிரி இருந்தது. அடுத்தவன் எண்பத்து நாலு வயது. அப்புறம் ஒருத்தன் கிணற்றில். ஒருத்தன் லாரியில். ஒருத்தன் தூக்குப் போட்டுக்கொண்டவன். பால்பாண்டி செத்தான், பால்பாண்டி செத்தான், பால்பாண்டி செத்தான். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவேன். அதில் இரண்டு பேருக்கு நானே போஸ்டர் அடித்திருக்கிறேன், அதுவும் ஞாபகம் வந்தது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு மச்சான் கெடைச்சாரா?" என்று அந்த அம்மா கேட்பார். "கெடைப்பாரு, எங்க போயிருவாரு" என்பேன்.

பதினோராவது ஆள்தான் சரியாக வந்தது. பால்பாண்டி, தகப்பனார் சுடலைமுத்து, வயது ஐம்பத்தொன்று. செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வயதுகூடப் பொருந்திவிட்டது. முகவரிதான் வேறு. வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கு எத்தனை முகவரி. எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது.

அவசரப்படவில்லை. அந்த முகவரிக்குப் போய்ப் பார்த்தேன். நாளைக்கு அவன் பெண்டாட்டி பிள்ளை என்று யாராவது கிளம்பி வந்தால் வம்பாகிவிடும் பாருங்கள். அது ஒரு ஒற்றை அறை. பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் துணி தேய்க்கிற வண்டிக்காரர் இருந்தார். அவரிடம் விசாரித்தேன். கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவனாம். ஒண்டிக்கட்டை. ஈரல் கெட்டுப்போய் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். இந்தத் தேய்ப்புக்காரர்தான் கூட இருந்திருக்கிறார். "தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு அண்ணாச்சி. குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நானும் குடுக்கல. எப்படியும் போற உசுரு, ஒரு மடக்குக் குடுத்திருக்கலாமோன்னு இப்போ தோணுது." சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து ஒரு சட்டைக் காலரைத் தேய்த்தார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

தெரிந்தவர் என்றேன்.

சான்று வாங்கினேன். இ-சேவை மையத்தில் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பெயர் நீங்கிவிட்டது. புதுக் கார்டில் குடும்பத் தலைவர் உலகம்மாள். அவள் படம். ஒரு சனிக்கிழமை காலை இரண்டையும் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். பேப்பரில் ஒரு வேலை பார்த்திருக்கிறேன், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். அதற்குள் அவள் சான்றைப் படித்துவிட்டாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூணு வருசமாச்சாண்ணே?" என்றாள்.

சான்றில் இருந்த தேதியை விரலால் தடவினாள்.

"மூணு வருசமா நான் பூ வச்சிருக்கேனே."

இல்லை உலகு, இது வேறு ஆள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் இன்னொன்று கேட்டாள். "ரொம்பக் கஷ்டப்பட்டாராண்ணே?"

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. பத்தொன்பது வருஷம் திரும்பிப் பார்க்காத பயல். புளிச்சோறு வாங்கிக்கொண்டு போன பயல். அவன் கஷ்டப்பட்டானா என்று கண்ணில் தண்ணீரோடு கேட்கிறாள். "பட்டான்" என்றேன். "நல்லாப் பட்டான். ஈரல் அழுகி, வயிறு வீங்கி, நாதியில்லாமக் கெடந்தான். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே செத்தான். ஒரு மடக்குக் குடுக்க ஆளில்ல." சொல்லச் சொல்ல எனக்குச் சுகமாக இருந்தது. தேய்ப்புக்காரர் சொன்னதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. அழுகியதும் வீங்கியதும் மட்டும்தான் நான் சேர்த்தது.

அதற்குப் பிறகு எதுவும் என் கையில் இல்லை. தெருவே வந்துவிட்டது. செத்து எத்தனை வருஷம் ஆனால் என்ன, காதில் விழுந்த நாள்தான் கணக்கு என்று பெரியவர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் குறித்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்காரன்தான் போட வேண்டும். கடைக்குப் போய் நானே எடுத்தேன். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. தோளில் சேலையைப் போட்டதும் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். ஆத்திரத்தில்தான்.

சரி, ஆனது ஆயிற்று, அரைகுறையாக விடக்கூடாது என்று போஸ்டர் அடித்தேன். நூறு. நல்ல தாள். கல்யாண ஆல்பத்திலிருந்து அவன் படத்தை வெட்டிப் போட்டேன். "ஐம்பத்தொரு வயசுக்காரன் மீசையைப் பாருங்கலே, புது மாப்பிள்ளையில்லா செத்திருக்கான்" என்று டீக்கடையில் ஒருத்தன் சொன்னான். கண்ணீர் அஞ்சலி, தோற்றம், மறைவு, ஆழ்ந்த வருத்தத்துடன் மைத்துனர் ஆறுமுகநயினார். என் பெயர் அதுதான். ஊரெல்லாம் ஒட்டிவிட்டு ஒன்றை மடித்து உறையில் போட்டேன். அந்தத் தெருப் பெயர், அந்த வீட்டு நம்பர், பன்னிரண்டு வருஷமாக மனசில் இருந்ததை எழுதினேன். பதிவுத் தபால்.

அவன் அதைப் பிரிப்பதை எத்தனை விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? வாசலில் வைத்துப் பிரிப்பான். உள்ளே போய்ப் பிரிப்பான். அந்தப் பொம்பளை பிரிப்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு விதம்.

சேரன்மகாதேவி வந்துவிட்டதா? சொல்ல இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

பதினோரு நாள் கழித்து ஆளே வந்துவிட்டான். நான் உலகம்மாள் வீட்டில் உட்கார்ந்து அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒரு கிழவன் மஞ்சப்பையோடு நிற்கிறான். தொப்பை போய்விட்டது. பல் இரண்டு இல்லை. கையில் என் போஸ்டர். சண்டைக்கு வந்தவன் மாதிரியும் இல்லை. "மச்சான், நான் உசுரோடதாம்லா இருக்கேன்" என்கிறான். "இதைப் பார்த்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல மச்சான். உங்களுக்குத்தான் என் வீடு தெரியும்லா? அன்னைக்கு டீ குடிச்சமே, அட்ரஸ் சொன்னேனே. ஒரு வார்த்தை வந்து பார்த்திருக்கக் கூடாதா?"

உலகம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். அவனைப் பார்த்தாள். காலிலிருந்து தலை வரைக்கும், அவசரமில்லாமல். எதிர்வீட்டு மதினி எட்டிப் பார்த்து, "ஆரு உலகு அது?" என்றாள்.

அந்த நேரம் என் உயிர் என்னிடம் இல்லை தம்பி. அவள் மட்டும் "வந்தியளா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போன பொட்டு, போன பூ, கல்யாண வீட்டு ஆரத்தி, எல்லாம் திரும்பி வந்திருக்கும். அவனும் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பான்.

"தெரியல மதினி" என்றாள் உலகம்மாள். "எங்க வீட்டுக்காரர் பேராம். அப்பா பேரும் ஒண்ணாம். போஸ்டரைப் பார்த்துட்டு வந்திருக்காக. வேற ஆளு."

அப்புறம் அவனிடம், "வெயில்ல வந்திருக்கிய, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். வழிப்போக்கனுக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்தாள். அவன் குடித்தான். குடித்தான் தம்பி. வேண்டாம் என்று சொல்ல அவனாலும் முடியவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தெருவோடு போய்விட்டான். மூலைச் சுவரில் அவன் மீசையோடு சிரித்துக்கொண்டிருக்கிற போஸ்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனான்.

என் ஆயுசில் அப்படி ஒரு நாள் இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து அவள் கொடுத்துவிட்டாள். நான் நூறு போஸ்டர் அடித்துச் செய்ய முடியாததை ஒரு செம்புத் தண்ணீரில் செய்துவிட்டாள். "சபாஷ் உலகு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு அவுக இருக்க எடம் தெரியும்."

"எப்பவோ ஒருநா பார்த்தேன். பன்னெண்டு வருசமிருக்கும்."

"டீ குடிச்சிருக்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்போ தண்ணி தண்ணின்னு கேட்டுச் செத்தது ஆருண்ணே?"

இத்தனைக்கும் அவள் சத்தம் போடவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். கையாள், ஒண்டிக்கட்டை, தேய்ப்புக்காரர். கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் போனால் நெற்றியில் பொட்டு. பழைய அளவில், பழைய இடத்தில். என்ன காரியம் செய்கிறாய், தெருவில் என்ன பேசுவார்கள், பதினாறு கழித்துக் கோடி போட்டுக்கொண்டவள் பொட்டு வைத்தால் என் முகத்தில் அல்லவா காறித் துப்புவார்கள் என்றேன். நான் சொன்னதில் தப்பு உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

"ஆருக்காக எடுக்கணும்?" என்றாள். "செத்தவுக எனக்கு ஆரோ. வந்தவுகளும் ஆரோ."

அவளுக்காக எத்தனை செய்திருக்கிறேன். ஏழு மாதம் அந்தப் புத்தகங்களில் தூசியைத் தின்றிருக்கிறேன். நன்றி இருக்கிறதா பாருங்கள். அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "அந்த மனுசனுக்கு ஆருமில்ல. அவுக சாவை நீ எடுத்துட்டு வந்து என் தலையில போட்டுட்ட. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நீதான் போயித் தண்ணி விடணும். அது வரைக்கும் எங்கிட்டப் பேசாத."

அவள் பேச்சை நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று இருக்க முடியவில்லை. எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். போன தை அமாவாசைக்குப் பாபநாசம் வந்தேன். கிளம்பும்போது என் வீட்டு வாசலில் அவள் கட்டி வைத்த எள்ளுப் பொட்டலம் இருந்தது. எடுத்துக்கொண்டேன். ஆற்றில் இறங்கினேன். பெயர் சொல்லுங்கள் என்றார் ஐயர். பால்பாண்டி. தகப்பனார் பெயர்? சுடலைமுத்து. என்ன உறவு? மச்சான் என்றேன். வேறு என்ன சொல்ல. தண்ணீரை அள்ளி விடும்போது, என்ன செய்தும், திருப்பூர்க்காரன் முகம்தான் வந்தது. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்கிற முகம். செத்துப் போ, செத்துப் போ, செத்துப் போ என்று மூன்று கையும் அவனுக்கே விட்டேன். மனசு குளிர்ந்துபோய் ஊருக்குத் திரும்பினேன்.

உலகம்மாள் வாசலில் நின்றாள். "விட்டியா?" என்றாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை.

"விட்டேன்."

"ஆருக்கு?"

என் முகத்தில் என்ன கண்டாளோ, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் ஆறு மாதமாகப் பேச்சில்லை. இன்று காலையில் பொட்டலம் மட்டும் இருந்தது.

நானும் முயற்சி பண்ணிப் பார்த்தேன் தம்பி. அந்தத் தேய்ப்புக்காரரிடம் மறுபடியும் போய், ஒரு போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். கறுப்பா, சிவப்பா, உயரமா என்று கேட்டேன். நம்மைப் போலத்தான் இருப்பார் என்றார். அதை வைத்துக்கொண்டு நான் யாரை நினைப்பது? எனக்கு முகம் தெரிந்த பால்பாண்டி ஒருத்தன்தான். என் கையில் தண்ணீரை அள்ளினால் அது அவனிடம்தான் போகிறது. அவனை மறக்கச் சொல்கிறாளா? அது நடக்காது. அது மட்டும் நடக்காது.

அதனால்தான் பஸ்ஸில் ஏறியதும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். உங்களுக்கு இவனையும் தெரியாது, அவனையும் தெரியாது. உங்கள் ஆளுக்கு விட்டு முடித்ததும், கூட ஒரு மூன்று கை விடுங்கள். இந்தாருங்கள், உலகம்மாள் கட்டிய எள்ளு, பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விட்டால் அது போக வேண்டிய ஆளுக்குச் சரியாகப் போய்விடும். நான் பக்கத்தில் நின்று என்னுடையதைத் திருப்பூருக்கு விட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் அவள் கேட்டால், அந்த மனுஷனுக்குத் தண்ணீர் போயிற்று என்று முகத்தைப் பார்த்துச் சொல்வேன். பொய் இல்லையே.

என்ன தம்பி, பேசாமல் இருக்கிறீர்கள்? மூன்று கைதான்.